நான் மெல்லப் பேசுகிறவன்

புங்குடுதீவு
மாசி 1968

அன்புள்ள மைத்துனர் வல்லிபுரம் அவர்களுக்கு,

அம்பாள் அருளால் நான் நலம். உமது நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இப்போது இல்லை. வலக்கை வீங்கியிருப்பதால் எழுத்து அடுத்த வீட்டு இராசமணியுடையது. கோபம் முழுவதும் என்னுடையது.

உமது அக்கா பரிமளத்தை, அதாவது என் மனைவியை, சுருவிலில் உமது வீட்டில் இருத்தி வைத்துக்கொண்டு, அத்தான் சத்தம் போடுகிறவர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறீராம். நானா சத்தம் போடுகிறவன்? வாழ்நாள் முழுவதும் நயினாதீவுக்கு மோட்டார் வள்ளம் ஓட்டினவன் நான். கத்தியது இஞ்சின், நான் அதற்குப் பக்கத்தில் நின்று பேசினேன், அவ்வளவுதான். வள்ளத்தில் வந்த சனத்தில் ஒருவராவது என்னை மெல்லப் பேசச் சொன்னதுண்டா? எல்லோரும் "என்ன சொன்னனீங்கள் அண்ணை?" என்றுதான் கேட்டார்கள். அவ்வளவு அடக்கமான குரல்.

நடந்ததைக் கேளும். எங்கள் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்னபூரணம் விறாந்தைக் கதிரையில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்ற பரிமளத்தின் காதுக்குள் இரகசியமாக, "இந்த மனிசி இன்னும் வடை கேட்டா முடிஞ்சுதெண்டு சொல்லும்" என்றேன், உடனே அந்த அம்மா கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். புருசன் பெண்சாதி பேசும் இரகசியத்தை ஒட்டுக்கேட்பது என்ன பழக்கம்? பரிமளம் அழுதாள். "அழாதையும்" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். வாசலால் போன பஸ் நின்றது, கொண்டக்டர் ஓடிவந்து "ஆர் அண்ணை செத்தது?" என்றான், உமது அக்கா அதே பஸ்ஸில் ஏறினாள். "நீங்கள் மெல்லக் கதைக்கப் பழகுமட்டும் நான் வரமாட்டன்" என்று படியில் நின்று சொன்னாள். மெல்லப் பேசுகிறவன் இனி எதைப் பழகுவது? நீராவது அவளுக்குப் புத்தி சொன்னீரா? எனக்குச் சோறு இறங்குதில்லை, அவளை அனுப்பி வையும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உமக்கு இல்லை.

இப்படிக்கு,
அமைதியை விரும்பும்
தியாகலிங்கம்

பி.கு.: வல்லிபுரம் அண்ணை, இது இராசமணி. தியாகலிங்கம் அண்ணை தன் வீட்டு விறாந்தையில் இருந்து சொல்லச் சொல்ல, நான் என் வீட்டுக் குசினியில் இருந்து இதை எழுதினேன். ஒரு சொல்லும் தவறவில்லை. சோறு இறங்குதில்லை என்ற அந்த ஒரு வசனம் மட்டும் கேட்கவேயில்லை. எழும்பி வேலியடிக்குப் போய், "என்ன சொன்னனீங்கள் அண்ணை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எழுதினேன். இதைப் பரிமளம் அக்காவிடம் சொல்லுங்கோ.