சீர் மெத்தைக்குள் கடற்புல்

தானாக முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிராளி பாதி சொல்லும்போதே அவனுக்கு முழுசும் புரிந்துவிடும். முத்தியால்பேட்டையில் இன்று மூன்று மெத்தைக் கடை வைத்திருக்கிற எனக்கு (மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை) அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் என் தங்கை கமலாவுக்குக் கல்யாணம் வந்தது.

எழுபதுகளின் கடைசி. ஐப்பசி. மில்லில் ஸ்டிரைக், பஞ்சு வரத்து நின்றுவிட்டது. நானோ சீர் மெத்தையை என் கையாலேயே தைத்துத் தருவதாகத் தவளக்குப்பத்து மாப்பிள்ளை வீட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். கை இருந்தது, பஞ்சு இல்லை.

அப்போது தலையணை தைக்க ஒரு சொல்தா வந்தார். (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் எங்களை 'முசே' என்பார், ஐயா என்று அர்த்தம்.) பிரான்சில் கடற்புல்லை அடைத்தே மெத்தை தைப்பார்கள் என்றார். மேற்கொண்டும் ஏதோ சொன்னார். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அரியாங்குப்பம் ஆற்றுக் கழிமுகத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. சேற்றில் பச்சைப் பசேலென்று கடற்புல், கேட்பாரில்லாமல் கிடந்தது (என்று நினைத்தேன்). வேரோடு உருவினேன். எட்டுக் கோணி. இரண்டு நாள் வெயில் காட்டி, மேலே ஒரு விரற்கடை பஞ்சு பரப்பி, பூப்போட்ட துணியில் தைத்து அனுப்பினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து அடைமழை. நாலாம் நாள் காலை, மாப்பிள்ளை சண்முகம் நனைந்தபடி கடை வாசலில் நின்றார். புல்லிலிருந்த உப்பு மழை ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, மெத்தை நடுவில் குளம் கட்டியிருக்கிறது. அவர் அம்மா அதைத் தூக்கி வாசல் கொட்டகையில் போட, தெருவே வந்து பார்த்துவிட்டு, புது மாப்பிள்ளைக்கு இன்னும் அந்தச் சின்னப்பிள்ளைப் பழக்கம் போகவில்லை என்று முடிவு கட்டிவிட்டது.

"மச்சான், நீயே வந்து எங்க தெருவுல சொல்லு. இல்லன்னா உன் தங்கச்சியக் கூட்டியாந்து இங்கயே உட்டுருவேன்."

போனேன். தெருவே பார்க்க மெத்தையைக் கிழித்தேன். முதலில் ஒரு செத்த நண்டு விழுந்தது. ஊர் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளையின் மானம் திரும்பி வந்தது, என்னுடையது போனது. தங்கை வாழ்க்கை தப்பித்ததே என்று அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுவிருந்துக்கு நல்ல இறாலாகப் போடச் சொன்னார். ஒரு கூடையே போடுகிறேன் என்றேன். (மானம் போயும் வாய் மட்டும் அடங்கவில்லை.)

அதே கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கும் அஞ்சலையிடம் ஓடினேன். அவள் பறிக் கூடை காலி. புல்லை வழித்திருந்த இடத்தைக் காட்டி, எந்தப் பாவி செய்தானோ என்றாள். நான்தான் என்று மெத்தைக் கதையைச் சொன்னேன்.

"அந்தப் புல்லுலதான்யா இறாக் குஞ்சு ஒண்டி வளருது. உன் தங்கச்சிக்கு மெத்த போட, அதுங்க மெத்தய உருவிட்டியா? ரெண்டு வாரமா வெறுஞ்சேத்தத் துழாவிட்டுப் போறோம்."

மறுவிருந்தில் கத்தரிக்காய்க் குழம்பு.

சொல்தாவிடம் சண்டைக்குப் போனேன். "கரைல ஒதுங்குனதத்தான் எடுப்பாங்க, முசே. அதையும் நல்ல தண்ணில அலசுவாங்க. அதுக்குள்ள நீ சைக்கிள் ஏறிட்ட" என்றார்.

அந்த இடத்தில் புல் மறுபடி மூட மூன்று மழைக்காலம் ஆனது. அதுவரை வாராவாரம் போய்ப் பார்த்தேன். அதன்மேல் படகை இழுத்தவனோடெல்லாம் சண்டை போட்டேன். (மெத்தைக் கடை முதலாளி, சம்பளமில்லாத புல் காவல்காரன்.) கடைசியில் ஒருநாள் அஞ்சலை என் சைக்கிள் கூடையில் இரண்டு கை இறாலைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

மாப்பிள்ளைக்கு இப்போது பேரன் பேத்தி வந்தாயிற்று. இன்றைக்கும் எங்கள் வீட்டில் தங்கினால், படுக்குமுன் மெத்தையை விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"உப்பு இல்ல மச்சான். படுக்கலாம்."