மன்னிப்பு சாரும் உறையூர்க் கதவும்

திருச்சி ஜில்லாவிலேயே எங்கள் மன்னிப்பு சாரைப் போல மனிதர்களை இம்சை பண்ணிய நல்லவர் வேறொருவர் கிடையாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எனக்கு அடுத்த லேத் மெஷின் அவருடையது. அவருடைய நிஜப் பெயர் ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிறவனுக்கு யாரோடும் மனஸ்தாபம் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொருவராகப் பிடிப்பார்.

"சார், செவ்வாக்கெழம உங்க புதுச் சட்டையைப் பாத்து மனசுக்குள்ள சிரிச்சேன். மன்னிச்சிடுங்க."

அடப்பாவி! அதுவரை அந்தச் சட்டையில் நான் ராஜா மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன்.

ஃபோர்மேனிடம் போய், "உங்களைக் கழுதைன்னு நெனச்சுட்டேங்க" என்றார். ஃபோர்மேன் கடுப்பாகி, இவரை ஒரு வாரம் ஓட்டை மெஷினில் தூக்கிப் போட்டார். அடுத்த சனிக்கிழமையும் இவர் போய் நின்றார். "மறுபடியும் அதேதான் நெனச்சேங்க."

ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிப் போனார். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போனார்கள். இவர் மட்டும் கடைசி பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போகலையா சார்?"

"ஆறு வருஷமா போறதில்லைங்க. ஒரே மக. உறையூர்ல வேற மதத்துப் பையனைக் கட்டிக்கிட்டா. 'எனக்கு மகளே கிடையாது'ன்னு இதே வாசல்ல நின்னு கத்தினேன். அவ மன்னிக்காம நான் எப்படிங்க கை நீட்டுறது?"

வாராவாரம் எங்களிடம் மன்னிப்புக் கேட்டு முடித்த கையோடு டவுன் பஸ் பிடித்து, மகள் வீட்டு வாசலில் போய் நிற்பாராம். கதவு திறக்காதாம்.

போன சித்திரையில் ஒருநாள் திறந்தது. திங்கட்கிழமை காலை ஓடி வந்தார்.

"சார், 'மன்னிக்கத் தோணலப்பா. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து நில்லுங்க'ன்னா சார்! அப்பான்னு கூப்பிட்டா!"

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

அதன் பிறகு நாலு சனிக்கிழமை உள்ளே போய் நின்றார். ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, லேத் முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், ரெண்டு வாரமா 'மன்னிச்சிட்டேம்பா'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும்னு சொல்லாம விட்டுட்டேன். அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியும்மா. எங்கிட்ட சொன்னாரு" என்றேன்.

சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவருக்குப் பிடிக்காதுதான். ஆனால் அங்கே அழுதுகொண்டு நின்றது அவர் மகளாயிற்றே.