இரண்டடித் தொட்டிக்கு ஏற்ற விளக்கு

"வெளிச்சம் பத்தலைன்னு சொன்னதும் நீங்க, இப்போ வெளிச்சம் ஜாஸ்தின்னு சொல்றதும் நீங்கதானா?"

மீன் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "செடிக்கு ஜாஸ்தி இல்ல சார். பாசிக்குத்தான் ஜாஸ்தி."

கேள்வி கேட்டவர் மின்சார அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். ஊரின் பாதித் தெருவிளக்குகள் அவர் போட்டவை. ஓய்வு பெற்று முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் ஒரு மீன் தொட்டி அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் அவர் பாட்டுக்குத் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்கேலோடு உட்கார்ந்து, மனைவி தைக்கிற ஒவ்வொரு மடிப்பையும் அளந்து, "இது கோணல், பிரிச்சுடு" என்று உதவிக்கொண்டிருந்தார். பள்ளி ஆண்டு விழாவுக்கு நாற்பது உடை, இந்த வாரம் சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் மனைவி சொன்னாள்:

"ஏங்க, தொட்டியில செடியெல்லாம் வாடுது. லைட்டு சரியில்லையோ? கடைக்காரரைக் கேளுங்களேன்."

விளக்கு என்றால் சும்மாவா! ஸ்கேலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

முதலில் பளீரென்று ஒரு வெள்ளை விளக்கு வந்தது. நாலே நாளில் கண்ணாடி முழுக்கப் பாசி. இப்போது கடைக்காரர் சிவப்பும் நீலமும் கலந்த விளக்கைக் கொடுத்தார். மாட்டியதும் கூடமே கத்திரிக்காய் நிறமானது. மீன்களெல்லாம் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பார்சல் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"உள்ளே என்ன சார், போட்டோ கழுவுறீங்களா?"

மறுபடி கடைக்கு ஓடினார்.

"ஒரு அடி மேல தூக்கிக் கட்டுங்க சார்."

கட்டினார். மறுநாள் போய்ச் சொன்னார்.

"ஐயையோ, அவ்வளவு மேலயா? செடி கழுத்தை நீட்ட ஆரம்பிச்சுடுமே! டைமர் போட்டுப் பாருங்க. ஆறு மணி நேரம்."

போட்டார். "எட்டு மணி நேரம் வெச்சாதான் சரி" என்றார் கடைக்காரர் அடுத்த நாள். இது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும்போல் இருந்தது.

"ஊருக்கே வெளிச்சம் போட்டவன் நான். ஒரு செடிக்குப் போடத் தெரியலையே!" என்று புலம்பினார். நிஜமாகவே அவமானமாக இருந்தது.

மெஷினை நிறுத்தாமல் மனைவி சொன்னாள்: "மனசைத் தளர விடாதீங்க. இன்னும் ஒரு நடை போய்ட்டு வாங்க. உங்களை விட்டா இதுக்கு யாரு இருக்கா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெறுத்துப்போய், பரணில் போட்டிருந்த பழைய விளக்கையே எடுத்து மாட்டினார். மீன்கள் வெளியே வந்தன. செடிகள் முதல் நாள் எப்படி இருந்தனவோ அப்படியே நின்றன. அப்படியானால் அன்றைக்கு எதுதான் வாடியது? கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு முழித்தார்.

மேஜையில் மனைவியின் போன் அடித்தது. அவள் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி, எதிரே கடைசி உடை.

"யாருன்னு பாருங்க" என்றாள் நிமிராமலே.

அவர் ஸ்பீக்கரைத் தட்டினார். மீன் கடைக்காரர் குரல்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே சாரை இத்தனை நாளா அலைய விட்டாச்சு. நாற்பதும் தைச்சு முடிஞ்சுதா, இல்ல நாளைக்கும் ஒரு லைட்டு மாத்தச் சொல்லவா?"