ஐஸ் நைனா பார்த்து எடுத்த பூட்ஸ்

சென்னையில் குளிர் என்றால் என்னவென்று தெரிந்த மனுஷர் ஒரே ஒருத்தர்தான். அவர் காலில் செருப்புகூடக் கிடையாது. மார்கழியில் காதை மஃப்ளரால் மூடிக்கொண்டு வாக்கிங் போகிற நம்மையெல்லாம் அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

ஊரூர் குப்பத்துக்காரர். பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் அடையாறு தெருமுனையில் மீன் விற்கும் பெண்களுக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஐஸ் பார் கொண்டுவந்து இறக்குவார், அதனால் ஐஸ் நைனா. கட்டையால் நாலு போடு போட்டு பாரை உடைத்துவிட்டு, சிதறிக் கிடக்கிற ஐஸ்மேலேயே வெறுங்காலோடு நின்று நிதானமாக டீ குடிப்பார். ஃப்ரிட்ஜில் உறைவதெல்லாம் ஐஸே இல்லை, தண்ணி பயந்துபோய் நிற்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. எதிர்வீட்டு மாமாவுக்கு முழங்கால் வீங்கி, டாக்டர் ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னபோது, அரை பாரைத் தோளில் தூக்கிவந்து அவர் சோபாவில் வைத்த புண்ணியவான்.

என் பெண் நித்யாவுக்குக் கனடாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. விசாவும் வந்துவிட்டது. கிளம்ப மூன்று வாரம் இருக்கையில், பனியில் மனிதர்கள் வரிசையாக வழுக்கி விழுகிற வீடியோ ஒன்றைப் பார்த்துத் தொலைத்தாள். பள்ளிக்கூட நாளில் பாத்ரூமில் வழுக்கி, இரண்டு மாதம் மாவுக்கட்டோடு கிடந்தவள் அவள். "அங்க விழுந்தா யாரும்மா தூக்குவா? நான் போகலை" என்று சொல்லிவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், தி.நகர்.

பாண்டி பஜார் கடை ஒன்றில், முழங்கால்வரை ஏறுகிற, விளிம்பில் புசுபுசுவென்று ரோமம் வைத்த பூட்ஸ் எடுத்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் அப்படியே காலை நுழைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி கச்சிதம். எனக்கு ஒரே பூரிப்பு. சாக்ஸ் என்று ஒரு வஸ்து இருப்பது எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, விற்றவருக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்?

மறுநாள் காலை பெருமை தாங்காமல் வாசலில் நின்று ஐஸ் நைனாவிடம் காட்டினேன். பாப்பா டிராமாவில் ராஜா வேஷம் கட்டுகிறதா என்று கேட்டார். கனடாப் பனிக்கு என்றதும், அங்கே போடப்போகிற சாக்ஸை எடுத்துவரச் சொன்னார். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி முன்பே வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மறந்திருந்தோம். நித்யாவைக் கூப்பிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டையும் மாட்டவைத்து, இப்போது பூட்ஸைப் போடச் சொன்னார். அவர் இழுக்க, நான் தள்ள, பாதிக் கால்கூட உள்ளே போகவில்லை. அப்புறம் பூட்ஸைத் திருப்பி அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"வழவழன்னு கீதே. இத்த போட்டுகினு ஐஸ்ல நின்னா, ஐஸே சிரிக்கும்மா."

மாற்றிவரக் கிளம்பினால், ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி, அது நிறைய உடைத்த ஐஸ். வழியெல்லாம் ஆட்டோக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்தார்.

கடையில் நைனா ஒவ்வொரு ஜோடியாக மடக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். உள்ளே விரல் ஆட வேண்டுமாம். ஆட இடமில்லை என்றால் சூடு எங்கே போய் குந்தும் என்று விற்பனையாளரை மடக்கினார். தேறியவற்றை நித்யாவுக்கு இரண்டு சாக்ஸோடு மாட்டி, ஐஸ் பெட்டிக்குள் நிற்கவைத்தார். பெட்டியில் வஞ்சிரம் வாசனை வருகிறது என்று விற்பனையாளர் முனகியதற்கு, பின்னே மல்லிப்பூ வாசனையா வரும் என்று பதில் வந்தது. மானம் போகிறதே என்று நான் ஹேண்ட்பேக் அடுக்கியிருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அடியில் ஆழமான வரிகள் ஓடிய தடி ரப்பர், பார்க்க எருமைக் குளம்பு. பத்து நிமிஷம் ஐஸில் நின்றும் கால் சில்லிடவில்லை என்றாள் நித்யா. ஆனால் முகம் தெளியவில்லை.

"இதுவும் வழுக்கினா, நைனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், பின்னால் ஓர் அடி வைத்தார். பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் பளபளவென்ற டைல்ஸில் ஓடியிருந்தது. தொப்பென்று மல்லாந்து விழுந்தார். ஐஸ்மேல் நின்று டீ குடித்த மகாராஜா! எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு மெல்ல ஒருக்களித்தார், முட்டி போட்டார், கையை ஊன்றி எழுந்து லுங்கியை உதறினார்.

"பாத்துக்கினியா பாப்பா? இப்டித்தான் எந்திரிக்கணும். அதுக்கோசரம்தான் வுழுந்து காட்டுனேன்."

பச்சைப் பொய். நித்யா குபீரென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை, அந்த எருமைக் குளம்போடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. இன்னொரு தடவை விழுந்து காட்டுங்கள் என்றாள். இடுப்பு வலிக்கிறது, ஒரு தடவைதான் என்றார் நைனா. வீட்டுக்கு வந்ததும், நான் கேட்காமலே பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

டிசம்பரில் கனடாவிலிருந்து போன் வந்தது. பஸ் ஸ்டாப்பில் விழுந்தாளாம். "ஒருக்களிச்சு, முட்டி போட்டு, நானே எந்திரிச்சேம்மா" என்றாள், என்னமோ பட்டம் வாங்கின மாதிரி. போட்ட நைட்டியோடு தெருமுனைக்கு ஓடினேன். நைனா ஒன்றுதான் கேட்டார், சாக்ஸ் ரெண்டு போட்டிருந்ததா என்று. ரெண்டுதான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஐஸை உடைக்கப் போய்விட்டார்.

போன மே மாதம் ஊருக்கு வந்த சிநேகிதியிடம், அவருக்கென்று இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் கொடுத்தனுப்பியிருந்தாள் நித்யா. கத்திரி வெயிலில் இதை வைத்துக்கொண்டு மனுஷர் என்ன செய்வார் என்று சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன். மறுநாள் காலை, தார் இளகுகிற வெயிலில், வேர்த்து வழிய வண்டி மிதித்து வந்தார் நைனா. செருப்பறியாத அந்தக் கால்களில் இரண்டு சாக்ஸும், ஒன்றின்மேல் ஒன்றாக.

"பாப்பா கைல சொல்லும்மா, ரெண்டும் போட்டுக்கினேன்னு" என்றார்.

கிண்டலடிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கை போனை எடுத்து, அந்தக் கால்களைப் படம் பிடித்து நித்யாவுக்கு அனுப்பிவிட்டது.