ஜீப்பு காது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையில் நல்லது ஒன்று இருக்கும்போதே கண் வேறொன்றின்மேல் போய்விடும். (பெண்டாட்டி விஷயத்தில் இல்லை. இதை அவளும் படிப்பாள்.) நான் சொல்வது வண்டி விஷயத்தில்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பூகோள ஆசிரியன். பாடத்தில் பாலைவனம் வரும், மணற்குன்று வரும், மழைக்காடு வரும். நான் போனதெல்லாம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. இந்தக் குறை தீரட்டும் என்று நானும் மனைவி செண்பகமும் சேர்ந்து ஒரு ஃபோர்வீல் டிரைவ் வண்டி வாங்கினோம். வெள்ளை நிறம், மெத்தை சீட்டு, ஏசி போட்டால் பங்குனி வெயிலிலும் போர்வை கேட்கும். ஒரு குமிழைத் திருப்பினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்றார்கள். மூன்று வருஷத்தில் அந்தக் குமிழை நான் இரண்டு தடவை தொட்டிருந்தேன். இரண்டு தடவையும் தூசி துடைக்க.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குக் குறை. குழியில் இறங்கி ஏறினாலும் தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஆற்றுக்காற்றும் கிடையாது, வயல் வாசமும் கிடையாது. இதில் ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்ப்பதும் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்ப்பதும் ஒன்றுதான் என்று தோன்ற ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் சுப்பையா அண்ணாச்சியின் ஜீப்பு என் கண்ணில் பட்டது. அண்ணாச்சி எங்கள் தெருமுனையில் மரக்கடை வைத்திருப்பவர். வயது அறுபதுக்கு மேல். அவருடைய ஜீப்பு அவரைவிடக் கொஞ்சம் இளையது. கதவு கிடையாது. சீட்டு என்ற பெயரில் ஒரு பலகை. மேலே ஒரு தார்ப்பாய். முழுக்க முழுக்க இரும்பு. ஸ்டார்ட் செய்தால் தெரு நாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு வரைபடம் வரையக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். அவ்வளவுதான், நான் ஜீப்பில் இருப்பேன். தாமிரபரணியை ஒட்டியே கிழக்கே போவேன். ஏரல் பக்கம் வாழைத்தோட்டங்கள் இரண்டு பக்கமும் வந்து போகும். ஈரக்காற்று சட்டைக்குள் புகுந்து முதுகு வழியே வெளியேறும். அப்புறம் பச்சை முடிந்து, தேரிக்காட்டின் செம்மண் தொடங்கும். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல், அங்கங்கே பனை, முந்திரி காய்க்கும் கொல்லாமரம். நான் இறங்காமல், யோசிக்காமல், அந்த மணல் மேட்டில் ஏறி உச்சியில் நிற்பேன். தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். மணி அடிக்கும். பையன்கள், "சார், நீங்க ஏன் சார் சிரிக்கீங்க?" என்பார்கள்.

ஒருநாள் வெட்கத்தை விட்டு, ஜீப்பைத் தருவீர்களா என்று அண்ணாச்சியிடம் கேட்டேவிட்டேன்.

"என்ன வே, புத்தி நல்லாத்தான் இருக்கா? மெத்த மாதிரி வண்டி வச்சிருக்கீரு. இதுல உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கதே மறந்துபோச்சு."

"மாத்திக்கிடுவோமா அண்ணாச்சி?"

"முதல்ல ஒருநா ஓட்டிப் பாரும். புதங்கிழமை பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்குப் போகணும், என் வீட்டுக்காரி ஜீப்புல ஏற மாட்டேன்னுட்டா. உம்ம வண்டியைத் தாரும், என் வண்டியை எடுத்துக்கிடும்."

பங்குனி உத்திரத்தன்று எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டில் இருக்கமாட்டோம். எந்த ஊரில் பிழைத்தாலும் அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போய்விடுவோம். எந்தச் சாஸ்தா என்று விசாரித்தால், அண்ணாச்சிக்கும் தேரிக்குள் இருக்கிற எங்கள் சாஸ்தாவேதான்! சொந்த சனத்துக்குள் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் அண்ணன் தம்பி முறை. பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள். பத்து வருஷம் தெருவில் பழகியும் தெரியாமல் போனதே என்று அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். "அப்பம் நீரு என் தம்பில்லா வே!"

அந்த ஒரு சொல் என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த உத்திரம் எனக்குச் சாதாரண உத்திரம் இல்லை. என் அக்கா கோமதிக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை யாழினி. மூன்றாம் வயதில் பிறந்த வீட்டுச் சாஸ்தா முன்னால் காது குத்துவதாக அக்கா நேர்ந்திருந்தாள். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அக்காவுக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு நான். ஆகவே அவ்வளவு பெரிய தேரிக்காட்டிலும் இருக்கிற ஒரே மடி என் மடி. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நல்லநேரம், பன்னிரண்டுக்கு ராகுகாலம். அக்கா முதல்நாள் மட்டும் நாலு தடவை போன் செய்தாள். "ஏலே, கனவு கண்டுக்கிட்டு நிக்காம நேரத்துக்கு வந்திருவேல்லா?"

"அக்கா, நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றேன். (முப்பத்தெட்டு வயது.)

காலையில் வண்டி மாற்றினோம். செண்பகம் ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். கம்மல், பட்டுப்பாவாடை, பழம் எல்லாம் வைத்திருந்த சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய் ஏசி வண்டியில் அண்ணாச்சி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க பைய வாங்க," என்று கண்ணாடியை ஏற்றினாள். என் போனும் பழக்கதோஷத்தில் அந்த வண்டியின் சார்ஜரிலேயே போய்விட்டது.

கிளம்பும் முன் அண்ணாச்சி, "வாத்தியாரே, மணல்ல எறக்குறதா இருந்தா முதல்ல முன்சக்கரத்துல..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் அண்ணாச்சி. நான் பூகோள வாத்தியாருல்லா!" என்று கையை ஆட்டினேன். இன்றைக்கும் அந்தக் கையை நினைத்தால் அதை வெட்டிப் போடலாமா என்று இருக்கிறது.

அந்தப் பயணத்தை என்ன சொல்ல! கனவில் வந்தது எல்லாம் வந்தது. கனவில் வராத புழுதியும் இடுப்புவலியும் கூடவே வந்தன. ஏரலைத் தாண்டும்போது பட்டுவேட்டி பறக்க, ஒரு காலைப் பலகைக்கு வெளியே தொங்கவிட்டு, திருச்செந்தூருக்கு நடந்துபோகிற காவிவேட்டிக் கூட்டத்துக்கு ராஜா மாதிரி கையசைத்தேன். இரண்டு பேர் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

தேரிக்காட்டு எல்லையில் பாதை பிரிந்தது. இடதுபக்கம் கப்பி ரோடு, சுற்றிக்கொண்டு கோயில் வாசல்வரை போகும். எல்லோரும் அதில்தான் போனார்கள். நேர் எதிரே மணல்மேடு. மணி பத்தரை. நேரம் கிடக்கிறதே என்று நேரே விட்டேன்.

ஐம்பதடி போயிருப்பேன். வண்டி நின்றது. ஃபோர்வீல் கம்பியை இழுத்துப் போட்டேன், ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்சக்கரம் இரண்டும் வேகமாகச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டு இறங்கின. முன்சக்கரம் இரண்டும் எனக்கென்ன என்று சும்மா இருந்தன. இன்னும் மிதித்தேன். இன்னும் இறங்கியது. சட்டையைக் கழற்றினேன், வேட்டியை மடித்துக்கட்டினேன், கையால் மணலைத் தோண்டினேன். தேரி மணல் ஒரு கை அள்ளினால் இரண்டு கை வந்து விழும். (காற்றால் மணற்குன்று நகரும் விதத்தை வருஷாவருஷம் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்பவன் நான்.) பதினொன்று ஆனது. பதினொன்றே கால் ஆனது. தூரத்தில் மேளம் கேட்டது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த அக்கா முகம் கண்முன்னால் வந்தது, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போன்கூட இல்லை. ஓடிப்போகலாம் என்றால் மணலில் ஓடவும் முடியாது.

அப்போது கொல்லாமர நிழலிலிருந்து ஒரு குரல். ஆடு மேய்க்கும் ஓர் அம்மா, கம்பை ஊன்றிக்கொண்டு நெடுநேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன அய்யா, கெணறு தோண்டுதியளா?"

"வண்டி மாட்டிக்கிட்டும்மா."

"இது மரக்கடை அண்ணாச்சி ஜீப்பில்லா? முன்சக்கரத்து நடுவுல குமிழு இருக்கே, அதைத் திருகலியா? அவுக மரம் ஏத்த வந்தா, எறங்கி அதைத் திருகிட்டுத்தான மணல்ல எறக்குவாக?"

குனிந்து பார்த்தேன். இரண்டு முன்சக்கரத்தின் நடுவிலும் கைக்கு அடக்கமாக ஒரு குமிழ். அதைக் கையால் பூட்டினால்தான் அந்தக் காலத்து ஜீப்பில் முன்சக்கரம் இழுக்கும். பூட்டினேன். ஏறி மிதித்தேன். அம்மாடி! இரும்பு முழுக்க ஒரு தடவை உறுமிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மேலே வந்தது.

இனிமேல் சொல்வதுதான் நான் வெட்கப்பட வேண்டிய பகுதி.

மணி பதினொன்று முப்பத்தைந்து. நேராகப் போயிருந்தால் ஐந்தே நிமிஷம். ஆனால் வண்டி தானாக மேட்டில் ஏறி உச்சிக்குப் போய்விட்டது. (வண்டி தானாகவா போகும் என்று கேட்காதீர்கள்.) உச்சியில் காற்று. கீழே சிவப்பு மணல் மடிப்பு மடிப்பாக இறங்கிப் போனது. கிழக்கே நீலமாக ஒரு கோடு, கடல். மரக்கூட்டத்துக்குள் கோயிலும், வெள்ளைப் பொட்டாக என் சொகுசு வண்டியும். ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை நாள் கண்ட இடம் இது! ஒரே ஒரு வட்டம் என்று நினைத்துச் சுற்றினேன். மணல் விசிறியாக எழும்பியது. உலகத்தில் நான், ஜீப்பு, காற்று. மூன்றாவது வட்டத்தில்தான் மேளம் நின்றிருப்பது காதில் உறைத்தது.

கோயில் வாசலில் குதித்து ஓடும்போது மணி பதினொன்று ஐம்பத்துமூன்று. வெற்றுடம்பு, தலை முதல் கால் வரை செம்மண். வேறு குடும்பத்து வயசாளி ஒருத்தி, சாமி வந்து இறங்கிவிட்டது என்று காலில் விழுந்து, "எம் மவளுக்கு எப்பம்யா வரன் அமையும்?" என்று கேட்டாள். "வழி விடுங்கம்மா, நேரமாச்சு!" என்று கத்தினேன். "நேரம் வந்துட்டுன்னு சாமி சொல்லிட்டு!" என்று அவள் குலவையிட்டாள்.

உள்ளே, சாஸ்தாவுக்கு எதிரே, சுப்பையா அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் யாழினி. வலது காதில் கம்மல் மின்னியது. ஒரே சாஸ்தா, அண்ணன் முறை, ஆகவே அவரும் தாய்மாமன்தான் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்களாம். என் வண்டியும் அவரிடம், என் மடி வேலையும் அவரிடம்.

இடது காது மட்டும் சும்மா இருந்தது. ஊசி வைத்திருந்த ஆசாரியின் கையை என் அக்கா இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே," என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. "ரெண்டையும் குத்திருவோம்னு எல்லாரும் சொல்லுதாக. எந் தம்பி வருவான்னு நாந்தாம்ல இந்த ஒத்தக் காதைப் பிடிச்சு வச்சிருக்கேன். உக்காரு."

உட்கார்ந்தேன். குழந்தை என் செம்மண் முகத்தைப் பார்த்து வீரிட்டது. இறுகப் பிடித்தேன். ஆனால் ஜீப்பு என் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு கையும் இன்னும் ஸ்டியரிங் பிடித்ததுபோல் உதறிக்கொண்டிருந்தன.

"மாமா, கையை ஆட்டாதேயும்," என்றார் ஆசாரி. நான் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. ஊசி இறங்கிற்று, ஒரு நெல் அளவு மேலே தள்ளி.

பாவம், மணலில் மாட்டிக்கொண்டான் என்று எல்லோரும் எனக்காக இரங்கினார்கள். அந்த இரக்கம் பந்தி போடும்வரை நிலைத்தது. பந்திக்கு ஆடு மேய்க்கும் அம்மாவும் வந்துவிட்டாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "இந்த அய்யா வண்டி வெளிய வந்ததும் மேட்டுல வட்டம் போட்டாகளே, பாக்க என்னா அழகு!"

அக்காவின் கையிலிருந்த சாம்பார் வாளி அப்படியே நின்றது. "என்ன வட்டம்?"

சாயங்காலம் அண்ணாச்சியை ஏசி சீட்டிலிருந்து எழுப்பவே பத்து நிமிஷம் ஆனது. "மாத்திக்கிடுவோமா வே?" என்று ஆசையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "மாத்திக்கிட்டன்னா உன் வீட்டு வாசல்ல நான் மிதிக்க மாட்டேன்." அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. அண்ணாச்சி பிறகு சொகுசாக ஒரு வண்டி வாங்கிக்கொண்டு ஜீப்பை நாங்குநேரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். எப்போதாவது நெடுஞ்சாலையில் அது என்னைக் கடந்து போகும். நான் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பேன். செண்பகம் தன் இடது காதைத் தொட்டுக்காட்டுவாள்.

யாழினிக்கு இப்போது ஒன்பது வயது. தீபாவளிக்கு அவளுக்கு இரண்டு தாய்மாமன் வீட்டுத் துணி. எந்த ஜிமிக்கி போட்டாலும் இடதுபக்கம் கொஞ்சம் மேலே தொங்கும். வலது காதுக்கு அண்ணாச்சி காது என்றும் இடது காதுக்கு ஜீப்பு காது என்றும் எங்கள் வீட்டில் பெயர். போட்டோ எடுக்கிறவர் "பாப்பா, தலையை நேரா வை" என்றால், மொத்தக் குடும்பமும் திரும்பி என்னைப் பார்க்கும்.

போன மாதம் எனக்கே மனசு பொறுக்காமல், "தாயி, ஆசாரிகிட்டப் போயி அதை அடைச்சுட்டு நேரா குத்திருவோமா?" என்று கேட்டேன். அவள் இடது காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா. இது எங்கம்மா உனக்குன்னு பிடிச்சு வச்ச காதுல்லா."