காத்திருப்போர் அறையில் நான் தீர்த்துவைத்தவர்கள்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. எனக்கு உடம்பு சௌக்கியம், உங்கள் அக்காவும் சௌக்கியம், வீட்டில் நிம்மதி மட்டும் இல்லை. அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். உங்களைப் பற்றி இப்போதைக்கு எதுவும் விரும்புவதாக இல்லை.

காரணம் உங்களுக்கே தெரியும். என் மகளை மனநல ஆலோசனை முதுநிலைப் படிப்பில் சேர்க்கச் சொன்னது தாய்மாமனாகிய நீங்கள். "அத்தான், இனிமே இந்தத் தொழிலுக்குத்தான் கிராக்கி, ஆளுக்கொரு கவலை இருக்கு" என்றீர்கள். சேர்த்தேன். இப்போது இறுதியாண்டு. கல்லூரி ஆலோசனை நிலையத்தில் உண்மையாகவே கவலையோடு வருகிறவர்களோடு குறிப்பிட்ட மணிநேரம் உட்கார்ந்து பேசினால்தான் பட்டம். மாலையில் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருந்து, கூட்டி வருகிறேன்.

முதல் நாளே அவள் அறை வாசலில், தரையில், வட்டமாக ஒரு மெஷின் "உஸ்..." என்று இரைந்துகொண்டிருந்தது. யாரிடமும் கைகட்டி நிற்காமல், பிரித்துப் பிரித்துப் பார்த்தே ஃபிரிட்ஜ் ரிப்பேர் கற்றவன் நான், காது பொறுக்குமா? வரவேற்பு மேசைப் பெண் டீ குடிக்கப் போன நேரத்தில் கழற்றி, துடைத்து, சத்தமே வராதபடி சரிசெய்து வைத்தேன். நன்றி சொல்ல நாதியில்லை. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாதென்று வேண்டுமென்றே இரையவிட்ட மெஷினாம் அது! இரைவதையே வேலையாகக் கொண்ட மெஷினை என் ஆயுளில் பார்த்ததில்லை. இது பிறகு தெரிந்த சேதி. அதற்குள் எனக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. வருகிறவர்கள் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டுகிறார்கள். இவள் "ம்... அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்கிறாள். அவர்கள் அழுகிறார்கள். இவள் மறுபடி "ம்" என்கிறாள். குளிராத ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து "உனக்கு எப்படி இருக்கு?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும்?

திரும்பும் வழியில் கேட்டேன்.

"ஒரு வழி சொல்லி அனுப்ப வேண்டியதுதானேம்மா?"

"நாங்க யாருக்கும் புத்திமதி சொல்ல மாட்டோம்ப்பா."

"அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா படிக்கிற?"

"சொல்லாம இருக்கறதுக்குத்தான்."

இதைக் கேட்ட பிறகும் சும்மா இருந்தால் நான் மனுஷனா? வெளியே வருகிறவர்களை நிறுத்தி நானே தீர்த்துவைக்கத் தொடங்கினேன். பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பித் திரும்பி ஓடும் டீச்சரம்மாவிடம், "பூட்டு இருந்தாத்தானேம்மா சந்தேகம்?" என்று சொல்லி, ஸ்க்ரூடிரைவரோடு நானே போய்ப் பூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். இப்போது வாசலில் நாற்காலி போட்டு வீட்டைக் காவல் காக்கிறார், வேலைக்கே போவதில்லை. ஓட்டம் நின்றதா இல்லையா? மேலதிகாரியிடம் "முடியாது" என்று சொல்லத் தெரியாத பேங்க் குமாஸ்தாவிடம், "ஒரு வாரம் எல்லாத்துக்கும் முடியாதுன்னு சொல்லிப் பழகுங்க தம்பி" என்றேன். நன்றாகவே பழகிவிட்டார், நிலையத்திலிருந்து ஃபோன் செய்து வரச் சொன்னாலும் முடியாது என்கிறார். ஓயாமல் சண்டை போட்ட தையல்கார தம்பதியிடம், "நேருக்கு நேர் பேசாதீங்க, எதுவானாலும் எங்கிட்ட சொல்லுங்க, நான் சேர்த்துடறேன்" என்றேன். நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் ஃபோன் செய்து "கத்தரிக்கோல் எங்கேன்னு கேளுங்க" என்கிறார். அந்தம்மா, அதே அறையிலிருந்து, தன் ஃபோனில், "அவர் கையிலதான் இருக்குன்னு சொல்லுங்க" என்கிறார். அவர்கள் வீட்டில் சண்டை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் உங்கள் அக்கா ஆரம்பித்திருக்கிறார்.

இப்படி ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் நிலையத்துக்கு வருவதை நிறுத்திவிடவே, மேற்பார்வை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க பொண்ணுக்கு எதிர்ல உட்கார ஆளே இல்ல. மணிநேரம் நிரம்பலன்னா பட்டம் கிடையாது."

"குணமாக்கினது குத்தமாங்க?"

"இதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார். அவரும் அந்தக் கோஷ்டிதான்!

மகள் கத்தினாலாவது பரவாயில்லை. ஸ்கூட்டரின் பின்னால் வாயே திறக்காமல் வருகிறாள். கண்ணாடி போடுகிற அளவுக்குப் படித்த பிள்ளை. நான் செய்ததில் தப்பில்லை, ஆனால் அவள் பட்டம் வாங்கியாக வேண்டும்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். படிப்பைக் காட்டியவர் நீங்கள், மணிநேரத்தை நிரப்ப வேண்டியவரும் நீங்கள்தான். குடும்பத்தோடு புறப்பட்டு வாருங்கள். பிரச்சினை ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு என்னென்ன பிரச்சினை என்று நான் சொல்கிறேன். உறவுக்காரர்களைச் சேர்க்க மாட்டார்களாம், அதனால் என்னைப் பார்த்தால் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போங்கள். உங்களுக்கு அது பழக்கம்தான்.

பிள்ளைகள் கவலை என்பதே அறியாமல், அறிந்தாலும் அதை அரை மணிநேரத்துக்கு மேல் சொல்லாமல், நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தன் மேல் குற்றமே இல்லாத
உங்கள் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. வர வேண்டாம். டீச்சரம்மா, குமாஸ்தா, தையல்கார தம்பதி எல்லோரும் முன்னைவிட மோசமாகித் திரும்பி வந்துவிட்டார்கள். குமாஸ்தாவின் மேலதிகாரியும் தனியாக வருகிறார். மகளுக்கு மணிநேரம் நிரம்பி வழிகிறது, ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறாள். ஆலோசனைக்கு வருகிறவர் தவிர வேறு யாரும் காத்திருப்போர் அறையில் உட்காரக் கூடாதென்று பலகை மாட்டிவிட்டார்கள். உட்கார வேண்டுமே என்று நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்ப்பது மகளுடைய வகுப்புத் தோழி. நேற்று முழுக்க நான்தான் பேசினேன், அந்தப் பெண் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. படிப்பென்றால் அதுதான் படிப்பு. உங்கள் மூத்தவளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.