சூப்பில் விழுந்த பல்வரிசை

அன்பும் மரியாதையும் உள்ள அகதா அத்தைக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக மாமாவிடம். அவர் சிரித்தால் தெருவுக்கே கேட்கும். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மூட்டுவலியும் சுகமாக இருக்கும் என நம்புகிறேன். இந்நேரத்தில் மெழுகுவர்த்தி எரிவது அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

உங்கள் தம்பி, எங்கள் ஊர்ப் பாதிரியார், என் அப்பா, மறுபடியும் நகைச்சுவைக் கவிதை எழுதுகிறார். ஞானஸ்நானம், கல்யாணம், பன்றி குட்டி போட்டது என எதையும் விடுவதில்லை. அவர் பாட்டுக்குப் பயப்படாதவர்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்தான் கல்லில் எழுதித் தருகிறார். சனிக்கிழமை அறுவடை விருந்து. மாட்டிறைச்சியும் பீரும் முடிந்ததும் பீப்பாய் மேல் ஏறி, ஊரில் ஒவ்வொருவரையும் கிண்டல் செய்து வாசிப்பார். இந்த வருஷம் பண்ணை மாளிகை லேடி ப்ரௌட்லியையும் சேர்த்திருக்கிறார். ஈஸ்டர் விருந்தில் அந்த அம்மாளின் பொய்ப்பல் சூப்பில் விழுந்ததல்லவா, அதைப் பற்றி.

மென்றது போதும் என்று பல்வரிசை
சென்றது சூப்பில் நீச்சல் அடிக்க

இப்படித் தொடங்குகிறது. என் பள்ளிச் சம்பளம் கட்டுவது அந்த அம்மாள்தான் என்பதை அப்பா மறந்துவிட்டார்.

"அந்தப் பல்லு விஷயத்த மட்டும் விட்ருங்களேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

"அடி போடி, பாட்டுக்கு உசுரே அதுதான்!"

ஆகையால் அத்தை, வெள்ளிக்கிழமை நீங்கள் சாகக் கிடப்பதாக ஒரு தந்தி கொடுங்கள். அப்பா ஓடி வருவார். ரயிலிலேயே உங்களுக்கு இரங்கல் பாட்டு எழுதிவிடுவார், எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கும் பூனைக்கும் என் அன்பு.

நடுங்கும் மருமகள்,
ஹெஸ்டர்

பின்குறிப்பு (மறுநாள் இரவு): அத்தை, தயவுசெய்து சாகக் கிடக்காதீர்கள். இன்று காலை லேடி ப்ரௌட்லியே வண்டியில் வந்து இறங்கினார். "ஏன் பாதிரியாரே, போன வருஷம் கசாப்புக்காரனுக்கே எட்டு வரி. எனக்கு ஒண்ணுகூடக் கெடையாது. நான் என்ன செத்தா போயிட்டேன்? இந்தத் தடவையும் என்னை விட்டீங்கன்னா ஒங்க பொண்ணு படிப்புக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு ஒரே பெருமை. உங்கள் தந்தியை மட்டும் நம்பாமல் பாட்டு எழுதிய தாளை நேற்றே நான் மெழுகுவர்த்தியில் எரித்துவிட்டது அவருக்குத் தெரியாது. எழுதியதை அவர் அன்றே மறந்துவிடுவார், ஊர்தான் மறக்காது. எனக்கும் முதல் இரண்டு வரிதான் நினைவிருக்கிறது. மீதியை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அத்தை, கொஞ்சம் நன்றாகவே வருகிறது. பல் இப்போது கரண்டியைப் பிடித்துக் கரையேறி, பிஷப்பின் தட்டில்...

அப்பா கதவைத் தட்டுகிறார். "ஹெஸ்டர், முழிச்சிட்டுதான இருக்க? அந்தப் பல்லுப் பாட்டக் காணோமே..."